அம்மம்மாவுக்குக் கடலடியைக் காட்ட எத்தனை மெகாபிட் வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறீர்கள். கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடக்கும் பழைய கோயிலின் தூண்களையும் புறாத்தீவின் பவளப்பாறையையும் முப்பரிமாணக் காட்சியாகச் செய்து வைத்திருக்கிறீர்கள். கடலுக்குள் இறங்க ஏலாத அம்மம்மா போன்றவர்கள் கதிரையில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்பது ஆசை. கையில் இருப்பது மாமா கொண்டுவந்த, கண்ணில் மாட்டிப் பார்க்கும் குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் அட்டை போட்ட மடிக்கணினியும். வைஃபையில் அனுப்பினால் படம் கட்டங்கட்டமாக உடைகிறது, தலையைத் திருப்பினால் பிந்தி வருகிறது, பார்த்தவர்களுக்குத் தலைசுற்று. இன்டர்நெட் பக்கேஜைக் கூட்டினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறகு இதையே, எதிரே உள்ளதன் மேலேயே படத்தைக் காட்டும் ஏஆர் கண்ணாடியில் போட்டு, மலை உச்சியில் நின்றே பழைய கோபுரத்தைப் பார்க்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பக்கேஜைக் கூட்ட வேண்டாம். அந்தக் காசு வீண். மடிக்கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குப் போகும் படம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. மடிக்கணினி, ரவுட்டர், ஹெட்செட் என்று அறைக்குள்ளேயே ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு எவ்வளவு வேகமானாலும் இந்த ஓட்டம் ஒரு சொட்டும் அதிகரிக்காது. சிக்கல் அறைக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: பார்ப்பவரின் கண்ணில் தொடங்கிப் பின்னோக்கி நடந்துவர வேண்டும். கண்ணுக்குத் தேவையில்லாத எதையெதை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். அனுப்பும் குழாயைப் பெருப்பிப்பது கடைசி வேலை.

இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. டச்சு பே பக்கம் ஒரு மண்டபத்தில் சில வருடங்களுக்கு முன்பு இப்படியொரு கடலடிக் காட்சியை நாங்கள் முதியவர்களுக்குக் காட்டினோம். எழுபது தாண்டிய ஒரு அம்மா ஹெட்செட்டை மாட்டியதும் முகம் மலர்ந்துபோனா. மீன் ஒன்று இடப்பக்கமாகப் போக, அதோடு சேர்த்துத் தலையைத் திருப்பினா. படம் ஒரு கணம் நின்று, பிறகு இழுத்துக்கொண்டு வந்தது. அவ இரண்டு கையாலும் கதிரைச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, கடல் ஆடுது, கழட்டு" என்றா. கழற்றிய பிறகு திரும்பப் போட அவ சம்மதிக்கவில்லை. அன்றைக்குப் படம் துல்லியமாகத்தான் இருந்தது. பிந்தி வந்தது, அவ்வளவுதான். மங்கிய படத்தை மனிதர் பொறுத்துக்கொள்வார்கள், பிந்திய படத்தை உடம்பு பொறுக்காது. நீங்கள் எந்த அமைப்பைத் தொட்டாலும் இதை மனதில் வைத்துத்தான் தொட வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். குவெஸ்ட் 2இல் ஒரு கண்ணுக்கு 1832 × 1920 பிக்சல். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஏறத்தாழ 70 லட்சம். ஒரு பிக்சலுக்கு 24 பிட், செக்கனுக்கு 90 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று பெருக்கினால் செக்கனுக்கு 15 ஜிகாபிட்டுக்கு மேல் வருகிறது. வைஃபையில் உங்களுக்கு நிம்மதியாகக் கிடைக்கக்கூடியது 100 முதல் 200 மெகாபிட். 150 என்று வைத்தால் படம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கியாக வேண்டும். ஒரு பிக்சலுக்குக் கால் பிட் கூட இல்லை. இந்தச் சுருக்கத்தை மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் அட்டையில் உள்ள, என்கோடர் என்ற சுருக்கும் பகுதி, ஒரு செக்கனின் 90இல் ஒரு பங்குக்குள், அதாவது 11 மில்லி செக்கனுக்குள், திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. அது செய்வது பெரிய வேலை, அதன் சுமையைக் குறைப்பது எங்கள் பொறுப்பு.

சுமையைக் குறைக்க முதல் கேள்வி: எல்லாவற்றையும் நேரலையாக அனுப்பத்தான் வேண்டுமா? உங்கள் காட்சியில் பாதி, தண்ணீருக்குள் எடுத்த 360 பாகை வீடியோ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதியை மடிக்கணினியில் ஓடவிட்டு, திரும்பச் சுருக்கி, வைஃபையில் அனுப்பி, ஹெட்செட்டில் மறுபடி விரிப்பது ஒரே பெட்டியை மூன்று தரம் கட்டி அவிழ்ப்பது போன்றது. எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் ஒருதரம் நன்றாகச் சுருக்கி, கோப்பை அப்படியே ஹெட்செட்டின் நினைவகத்தில் போட்டுவிடுங்கள். தலையைத் திருப்பும்போது ஹெட்செட்டே அந்த இடத்தை வெட்டிக் காட்டும், வைஃபைக்கு வேலையே இல்லை. 7680 × 3840 அளவு போதும். 7680ஐ 360ஆல் வகுத்தால் பாகைக்கு 21 பிக்சல் சொச்சம். குவெஸ்ட் 2இன் வில்லை வழியாகக் கண்ணுக்குக் கிடைப்பதே பாகைக்கு ஏறத்தாழ 20 தான். அதற்கு மேல் பெரிய கோப்புச் செய்தால் சூடுதான் கூடும். கூர்பார்வை உள்ள மனிதக் கண் பாகைக்கு 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வில்லைக்கும் திரைக்கும் பின்னால் இருந்து அந்தக் கண்ணால் ஒன்றும் செய்ய ஏலாது.

360 வீடியோவை இணையத்தில் போட்டு மற்ற ஊர்களுக்கும் காட்டும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. உலகப் படத்தை விரித்த மாதிரி நீள்சதுரமாக வைக்கும் முறையில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள பகுதி தேவையில்லாமல் இழுபட்டுக் கிடக்கும். கிரீன்லாந்து வரைபடத்தில் ஊதித் தெரிகிறதே, அதே கதை. அதையே கனசதுரத்தின் ஆறு முகங்களாக மடித்து வைத்தால் அதே துல்லியத்துக்குக் கால்வாசிப் பிக்சல் மிச்சம். பார்ப்பவர் ஒரு நேரத்தில் பார்ப்பது அந்தக் கோளத்தில் ஐந்து ஆறு பங்கில் ஒன்றைத்தான், ஆகவே முகங்களைத் துண்டுதுண்டாக்கி, பார்க்கிற பக்கத்துத் துண்டை மட்டும் நல்ல தரத்தில் அனுப்பும் முறையும் உண்டு. மண்டபத்தில் காட்டுவதற்கு இதெல்லாம் தேவைப்படாது, அதனால் இதோடு விடுகிறேன்.

ஆக, நேரலையாக அனுப்ப வேண்டியது பார்ப்பவர் நடந்து திரியக்கூடிய அந்தத் தூண்கள் உள்ள காட்சி மட்டும். இங்கேதான் உங்கள் படம் உடைகிறது. ஏன் என்று எனக்குக் காட்சியின் ஒரு திரைப்பிடிப்பைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. நீங்கள் அழகுக்காகத் தண்ணீரில் மிதக்கும் துகள்களைச் சேர்த்திருக்கிறீர்கள், மேலிருந்து வெயில் வலைபோல விழுந்து தூண்களில் ஆடுகிறது, தூரத்தில் நீலம் மெல்ல மெல்லக் கறுப்பாகிறது. இந்த மூன்றும் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்குக்குப் பரம விரோதிகள்.

கோடெக் எப்படிச் சுருக்குகிறது என்று யோசியுங்கள். முந்தின ஃபிரேமில் இருந்த துண்டு இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, "இதை அங்கே இருந்து எடுத்துக்கொள், இவ்வளவு தள்ளி வை" என்ற ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதுகிறது. தூண் ஒன்று அசையாமல் நின்றால் ஒரு குறிப்பில் முடிந்துவிடும். ஆயிரம் துகள்கள் ஆளுக்கொரு திசையில் மிதந்தால்? ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று நான்கு திசையில் அசைவு. முந்தின ஃபிரேமில் தேடினாலும் ஒத்த துண்டு அகப்படாது. ஆகவே கட்டத்தைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. இருக்கிற பிட்டெல்லாம் துகளுக்கே போய்விட, தூணின் செதுக்கலுக்கு மிச்சம் இல்லாமல் கட்டங்கட்டமாகிறது. வெயில் வலையும் அப்படியே. நகர்கிறது மட்டுமல்ல, நகர நகர வடிவமும் மாறுகிறது. நீங்கள் சேர்த்த அந்தத் துகள்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, பெரிதாக, மெதுவாக, பார்ப்பவருக்கு அருகில் மட்டும் மிதக்கவிடுங்கள். வெயில் வலையின் வேகத்தையும் பாதியாக்குங்கள். தண்ணீர் என்ற உணர்வு போகாது, சொல்லப்போனால் அமைதியான கடல் என்ற உணர்வு இன்னும் அதிகமாகும்.

வீடியோ எடுக்கப் போகும்போதும் இதே விதிதான். வாடைக் காற்று வீசும் மாரி மாதங்களில் எங்கள் கரையில் கடல் கலங்கிப்போயிருக்கும். கச்சான் பருவத்தில் கண்ணாடி மாதிரித் தெளியும். தெளிந்த நாளில் எடுத்த படம் அதே பிட் அளவில் இரண்டு மடங்கு நன்றாகத் தெரியும் என்று என் அனுபவத்தில் துணிந்து சொல்வேன். இருட்டில் எடுக்கும்போது கமரா படத்தில் விழும் புள்ளிகளையும் சுருக்குவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். அந்தப் புள்ளிகளும் கோடெக்கின் கண்ணுக்கு மிதக்கும் துகள்தான்.

நீலம் கறுப்பாகும் இடத்தில் படிக்கட்டுப் போல வரிகள் விழுகின்றன என்று எழுதியிருந்தீர்களே, அது 8 பிட் நிறத்தின் குறை. ஒரு நிறத்துக்கு 256 படிதான். உங்கள் இருண்ட நீலம் அந்த 256இல் முப்பது நாற்பது படிக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் படி கண்ணுக்குத் தெரிகிறது. 10 பிட் என்றால் 1024 படி. உங்கள் 3060இன் என்கோடர் எச்.265இல் 10 பிட் செய்யும், குவெஸ்ட் 2உம் அதை விரிக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏவி1 நல்ல கோடெக் என்று யாராவது சொன்னால், சொல்வது சரிதான், ஆனால் உங்களுக்கு அல்ல. 3060ஆல் அதை எழுத ஏலாது, குவெஸ்ட் 2இன் சிப்பால் அதை வாசிக்க ஏலாது. 40 தொடர் அட்டையும் குவெஸ்ட் 3உம் கைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். மீன்களின் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறீர்கள். வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்புவார்கள், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் அனுப்புவார்கள். அதனால்தான் 24 பிட் 12ஆகக் குறைகிறது, கண்ணுக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் நீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து என்றால் வேறுபாடு முழுக்க நிறத்திலேயே இருக்கிறது, அதுதான் கரைந்து போகிறது. வெள்ளையில் எழுதுங்கள், தடித்த எழுத்தாக. தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு இது இன்னும் முக்கியம். 'ணை'யும் 'னை'யும் மங்கினால் ஒன்றாகிவிடும்.

அடுத்தது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம். உங்கள் கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் உண்மையில் கூர்மையாகப் பார்ப்பது ஏறத்தாழ அந்த அகலத்தைத்தான், ஒன்று இரண்டு பாகை. அதைச் சுற்றிலும் பார்வை மளமளவென்று மங்கிப்போகிறது. 20 பாகை தள்ளி இருப்பதை நடுப்பார்வையின் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில்தான் பார்க்கிறோம். எல்லாம் கூர்மையாகத் தெரிகிற மாதிரி இருப்பது கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பதால். அப்படியானால் 90 பாகை அகலத்துக்கும் ஒரே துல்லியத்தில் படம் அனுப்புவது யாருக்காக?

கண் எங்கே பார்க்கிறது என்று கமராவால் கண்டுபிடிக்கும் ஹெட்செட்டுகளில் இந்த மிச்சப்படுத்தல் அருமையாக வேலை செய்யும். பார்க்கிற இடத்தைச் சுற்றி 20 பாகைக்கு முழுத் துல்லியம், மற்ற இடமெல்லாம் நீளத்திலும் அகலத்திலும் பாதி என்று வைத்தால், குவெஸ்ட் 2 அளவுப் பார்வைப் பரப்பில் மொத்தப் பிக்சலில் 28 சதவீதம்தான் மிஞ்சும். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கை அனுப்பவே தேவையில்லை. சோனியின் 2023ஆம் ஆண்டு பிஎஸ் விஆர்2, ஆப்பிளின் 2024ஆம் ஆண்டு விஷன் புரோ இரண்டும் கண்ணைத் தொடர்ந்து பார்த்து, படத்தை வரையும்போதே இப்படி மிச்சப்படுத்துகின்றன. 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் என்ற ஹெட்செட் ஒரு படி மேலே போய், கணினியிலிருந்து கம்பியில்லாமல் அனுப்பும் படத்துக்கே இதைச் செய்கிறது. அதோடு படத்துக்கென்று தனியாக 6 கிகாஹேட்ஸ் அலையில் பேசும் ஒரு சிறு செருகியையும் கொடுக்கிறார்கள். இந்தத் துறை போகிற திசை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

குவெஸ்ட் 2இல் கண் கமரா இல்லை. ஆனாலும் மனம் தளர வேண்டியதில்லை, அதன் வில்லையே உங்களுக்கு உதவுகிறது. அது வட்டவட்டமாக வெட்டிய ஃப்ரெனெல் வில்லை. நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். நீங்கள் ஓரத்துக்கு எவ்வளவு நல்ல படம் அனுப்பினாலும் வில்லை அதை மங்கலாக்கித்தான் கண்ணுக்குக் கொடுக்கப்போகிறது. ஆகவே நடுவில் ஒரு 50 பாகையை மட்டும் முழுமையாக வைத்து, ஓரங்களைப் பாதியாக்குங்கள். மொத்தம் பாதிக்கும் கீழே வந்துவிடும், பார்ப்பவர் கண்டுபிடிக்கமாட்டார். ஏஎல்விஆர் என்ற இலவச மென்பொருளில் இந்த அமைப்பு இருக்கிறது, அதில் நடுப்பரப்பின் அளவை நீங்களே நகர்த்திப் பார்க்கலாம்.

சரி, பிந்துவதற்கு வருவோம். தலை அசைகிறது. ஹெட்செட் அதை அளந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி வரைகிறது, சுருக்குகிறது, வைஃபையில் அனுப்புகிறது, ஹெட்செட் விரிக்கிறது, திரையில் போடுகிறது. கம்பியில்லாமல் இதெல்லாம் முடிய வழக்கமாக 40 முதல் 60 மில்லி செக்கன் ஆகும். தலைசுற்று வராமலிருக்க 20க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இடைவெளியை எப்படி மூடுகிறார்கள்? வந்து சேர்ந்த படத்தை, திரையில் போடுவதற்கு ஒரு கணம் முன்பு, தலை இப்போது எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப ஹெட்செட்டே திருப்பிவிடுகிறது. கணினி விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மக் 2013 வாக்கில் விளக்கி எழுதிய உத்தி இது. இது இல்லாவிட்டால் கம்பியில்லா விஆர் என்பதே இல்லை. செக்கனுக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்பினால் 50 மில்லி செக்கனில் 5 பாகை பிசகும். பாகைக்கு 20 என்றால் அது 100 பிக்சல். அந்த 100 பிக்சலையும் இந்தத் திருப்பல் சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: புதிய ஃபிரேம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்க வேண்டும். சந்தை கலைந்த பிறகு கரைக்கு வந்த மீனை யார் வாங்குவார்? பிந்திய ஃபிரேமும் அப்படித்தான், வந்தும் பயனில்லை, ஆனால் வந்த நேரத்தில் பாதையை அடைத்திருக்கும்.

அதனால் பிட் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 150இல் தொடங்கி, ஐந்து நிமிடம் தலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒருதரம் இழுத்தாலும் 120க்கு இறக்குங்கள். ஃபிரேம் வேகத்தையும் 90இலிருந்து 72ஆக்கலாம். அதே 150 மெகாபிட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கால்வாசி கூடுதல் பிட் கிடைக்கும். பந்து விளையாட்டுக்கு இதைச் சொல்லமாட்டேன், தூண்களுக்கிடையே மெல்ல மிதக்கும் உங்கள் காட்சிக்கு 72 தாராளம்.

இனி வைஃபை. மடிக்கணினியை ரவுட்டருக்குக் கேபிளால் இணைத்தீர்களா? இல்லையென்றால் ஒரே படம் காற்றில் இரண்டு தரம் போகிறது, மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொன்று. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒரே கிணறு, ஒரே வாளி. கேபிள் போட்டதும் பாதி நேரம் மிச்சம்.

ஆனால் கேபிளையும் நம்பிவிடாதீர்கள். டச்சு பே மண்டபத்தில் அன்றைக்குப் படம் இழுத்ததற்குக் காரணம் அதுதான் என்று இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். மண்டபத்துச் சுவரில் யாரோ முன்பு இழுத்துவிட்ட வயர். கணினியில் பார்த்தால் இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்று காட்டியது, 1000 காட்ட வேண்டிய இடத்தில். செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு ஊசியில் இரண்டு ஊசி பச்சையேறிக் கிடந்தது, கடற்காற்றின் உப்பு. ஒரு ஜிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், 100க்கு நாலு போதும். ஆகவே இணைப்பு அறாமல், சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கி நின்றுவிட்டது. நாங்கள் 150 மெகாபிட் அனுப்பப் பார்த்தோம், பாதை 100. செருகியை வெட்டிப் புதிதாக அடித்ததும் எல்லாம் சரி. கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், அந்த எண் 1000 காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சில மலிவு ரவுட்டர்களில் துளையே 100தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் பார்ப்பவர் இருக்கும் அதே அறையில், கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருக்கட்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 5 கிகாஹேட்ஸ் அலையைக் குடித்துவிடும். கூட்டம் இடையில் நின்றால் படம் இறங்கும். ரவுட்டரை இந்த வேலைக்கென்று தனியாக வைத்து, கைப்பேசிகளை அதில் சேர்க்காதீர்கள். ரவுட்டரின் அமைப்பில் வைஃபை சனல் 36 முதல் 48க்குள் ஒன்றைக் கையால் தெரிவுசெய்து, 80 மெகாஹேட்ஸ் அகலம் வையுங்கள். 52 முதல் 144 வரை காலியாகக் கிடக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். அந்தப் பகுதியில் ரேடார் போன்ற எதைக் கேட்டாலும் ரவுட்டர் உடனே விலக வேண்டும், அதே பகுதியில் புதிய இடம் என்றால் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசலாம் என்பது விதி. கப்பல்களின் வழக்கமான ரேடார் 3, 9 கிகாஹேட்ஸ் பக்கம்தான் இருக்கும், என்றாலும் கடற்படைத் தளமும் சீனன்குடா விமான நிலையமும் உள்ள ஊரில் நிகழ்ச்சி நடுவே ஒரு நிமிடம் இருட்டாகும் வாய்ப்பை நான் வைக்கமாட்டேன்.

இனி மலை உச்சியும் ஏஆர் கண்ணாடியும். இந்த ஆசை எனக்கும் உண்டு. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் கடலடியில் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியது மேலே எப்படி நின்றிருக்கும் என்று அங்கேயே நின்று பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இப்போதைக்கு இரண்டு தடை.

ஒன்று, நழுவல். விஆரில் உலகம் முழுக்கவும் சேர்ந்து பிந்துகிறது. ஏஆரில் பாறை பிந்தாது, அது அங்கேயே நிற்கிறது, நீங்கள் வரைந்த கோபுரம் மட்டும் பிந்தும். செக்கனுக்கு 50 பாகை என்று மெதுவாகத் தலையைத் திருப்பினாலும், 20 மில்லி செக்கன் பிந்தினால் ஒரு பாகை. 25 மீற்றர் தள்ளி நிற்கும் கோபுரம் பாறையிலிருந்து கிட்டத்தட்ட அரை மீற்றர் வழுக்கிப் போகும். ஒரு நல்ல விஷயம், ஏஆரில் பெரும்பகுதி வெறுமைதான். கோபுரம் உள்ள துண்டை மட்டும் அனுப்பினால் போதும். அந்த மிச்சத்தைப் படத்தின் அழகில் செலவழிக்காமல், வேகத்தில் செலவழியுங்கள்.

இரண்டாவது தடை பெரியது, வெயில். ஏஆர் கண்ணாடியில் படம் சிறு புரொஜெக்டரிலிருந்து கண்ணாடித் தகட்டுக்குள் புகுந்து, உள்ளேயே தெறித்துத் தெறித்து வந்து, கண்ணுக்கு முன்னால் வெளியேறுகிறது. நுண்கோடுகள் போட்ட தகடுகளில் புகும் ஒளியில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு, பலவற்றில் அதற்கும் குறைவுதான் கண்ணுக்கு வந்து சேர்கிறது. மற்றதெல்லாம் வழியிலேயே சிந்திவிடுகிறது. உச்சி வெயிலில் ஒரு வெள்ளைக் காகிதம் 30,000 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளிர்கிறது. 2025இல் வந்த மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே, கோடுகளுக்குப் பதில் ஒளியைத் தெறிக்கவிடும் சின்னச் சின்னக் கண்ணாடிகள் பதித்த தகட்டைப் பயன்படுத்தி 5,000 நிட் வரை எட்டியிருக்கிறது. நல்ல முன்னேற்றம், ஆனால் அது சின்னத் திரை, ஒரு கண்ணுக்கு மட்டும். கோபுரம் காட்ட அது போதாது. வெயிலில் மலையில் நின்றால் உங்கள் கோபுரம் ஆவி மாதிரித்தான் தெரியும். மாலைப் பூசை நேரம், வெயில் இறங்கிய பிறகு பார்த்தால் நம்பிக்கை உண்டு.

விஆர் ஹெட்செட்டிலும் ஒளி சிந்துவது உண்டு. குவெஸ்ட் 3இல் உள்ள பான்கேக் வில்லைக்குள் ஒளி, பாதியை ஊடுருவவிட்டுப் பாதியைத் தெறிக்கவிடும் ஒரு கண்ணாடியை ஒருதரம் ஊடுருவி, ஒருதரம் அதில் தெறிக்க வேண்டும். பாதியில் பாதி, ஆகக் கூடினால் 25 சதவீதம். மெல்லிய ஹெட்செட்டுக்கும் ஓரம் வரை கூர்மைக்கும் கொடுக்கும் விலை அது, கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன். உங்கள் குவெஸ்ட் 2 இதில் தப்பிவிட்டது, பழைய வில்லையில் ஒளி பெரிதாக வீணாவதில்லை.

ஹெட்செட்டை மலைக்குக் கொண்டுபோனால் வில்லைப் பக்கம் ஒரு கணமும் வெயில் படவிடாதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல வில்லை வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும், அந்தப் புள்ளி பிறகு போகவே போகாது. கழற்றிய உடனே கவிழ்த்துப் பையில் வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வீடியோவை ஹெட்செட்டுக்குள் மாற்றுங்கள், துகள்களைக் குறையுங்கள், கேபிளைப் போட்டு இணைப்பு வேகத்தைப் பாருங்கள், எச்.265 10 பிட், 72 ஃபிரேம், 150 மெகாபிட், ஓரங்கள் பாதி. பிறகு மொத்தப் பிந்தல் எத்தனை மில்லி செக்கன், ஐந்து நிமிடத்தில் எத்தனை ஃபிரேம் விழுந்தது, கேபிள் வேகம் எவ்வளவு என்ற மூன்று எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அம்மம்மாவுக்கு முதல் நாள் மூன்று நிமிடத்துக்கு மேல் போட வேண்டாம். கைப்பிடி உள்ள கதிரையில் இருத்தி, பக்கத்தில் நின்று தோளில் கையை வைத்திருங்கள்.